வீட்டு மொழியும் நாட்டு மொழியும்

ஒரு நாட்டின் குடிசன மதிப்பை எடுப்போர் தலைகளை எண்ணுவதோடு நின்றுவிடுவதில்லை. வயது யாது, தொழில் யாது, பிறந்த இடம் எது எனப் பலவற்றையும் கேட்பர். அக்கேள்விகளுள் மொழியைப் பற்றிய கேள்வி பார்வைக்கு எளிது. பொருளிலோ மிகச் சிக்கலானது. ஒருவர் எம்மொழியைப் பேசுகின்றார் என்பது, அவர் எங்கே, எவரோடு, எதன்பொருட்டுப் பேசுகின்றார் என்பதைப் பொறுத்து மாறக்கூடியதன்றோ? அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிராமப் பகுதி ஒன்றை எடுத்துக்கொண்டு, அங்கே வீட்டில் வழங்கும் மொழிக்கும் மக்களின் ஆங்கிலத் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு எத்தகையது என்பதை இன்று ஆராய்வோம். பிள்ளைக்கு ஆங்கிலம் வரவேண்டுமாயின் வீட்டிலும் ஆங்கிலமே பேசவேண்டுமோ என்று நம்மிடையே பெற்றோர் பலர் ஐயுறுகின்றனர். ஆதலின் இவ்வாராய்ச்சி நமக்கும் பயன் தருவதாகும்.

முதலில், அந்நாட்டில் இவ்விவரம் எவ்வாறு திரட்டப்படுகின்றது என்பதைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். 1980ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு முதலாக, ஐந்து வயதும் அதற்கு மேலும் உடையோரைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கப்பட்டு வருகின்றன. இவர் வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி ஒன்றைப் பேசுகின்றாரா என்பது முதலாவது. ஆம் எனின், அம்மொழி யாது என்பது இரண்டாவது. இவர் ஆங்கிலத்தை எவ்வளவு நன்றாகப் பேசுவார் என்பது மூன்றாவது. இறுதிக் கேள்விக்கு நான்கு விடைகள் தரப்பட்டுள்ளன: மிக நன்றாக, நன்றாக, அவ்வளவு நன்றாக அன்று, முற்றாக இல்லை. இவற்றுள் ஒன்றைத் தெரிந்து குறியிடல் வேண்டும். 2000ஆம் ஆண்டு வரை, பத்தாண்டுக்கு ஒருமுறை நடைபெறும் குடிசன மதிப்பில், ஆறு வீடுகளில் ஏறத்தாழ ஒரு வீட்டுக்கு வழங்கப்பட்ட நீண்ட படிவத்தில் இக்கேள்விகள் இடம்பெற்றன. 2005 முதல், ஆண்டுதோறும் நடைபெறும் மாதிரிக் கணக்கெடுப்பில் இவை இடம்பெறுகின்றன. குடித்தொகை குறைந்த சிறு பகுதிகளில் ஓர் ஆண்டின் மாதிரி போதாது. ஆதலின் ஐந்து ஆண்டுகளின் விடைகளை ஒன்றுசேர்த்தே அப்பகுதிகளுக்கான மதிப்பீட்டை வெளியிடுவர்.

இக்கணக்கு வெறும் அறிவுக்காக எடுக்கப்படுவதன்று. 'மிக நன்றாக' என்பதற்குக் கீழ்ப்பட்ட விடையளித்தோர் அனைவரும், 'நன்றாக' என்று கூறியோர் உட்பட, ஆங்கிலத் தேர்ச்சி குறைந்தோர் எனக் கொள்ளப்படுவர். 1975ஆம் ஆண்டு திருத்தப்பட்ட வாக்குரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பகுதியில் தேர்தல் தொடர்பான பத்திரங்கள் வேறு மொழியிலும் அளிக்கப்படல் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதற்கு இவ்வெண்கள் ஆதாரமாகின்றன. பாடசாலைகளிலும் இவ்விடயம் முக்கியமானது. சான் பிரான்சிஸ்கோ நகரில் ஆங்கிலம் அறியாத சீனப் பிள்ளைகள் விளங்காத மொழியிலே பாடம் கேட்டுக்கொண்டிருந்த வழக்கில், ஏனைய பிள்ளைகளுக்குரிய அதே நூலையும் அதே ஆசிரியரையும் அளித்துவிடுவதனால் மட்டும் சமத்துவம் ஏற்பட்டுவிடாது என்று அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 1974இல் தீர்ப்பளித்தது. எனவே, ஒருவர் இடும் சிறு குறியின் பின்னே பிள்ளையின் கல்வியும் குடிமகனின் வாக்கும் நிற்கின்றன.

இனி, நாம் எடுத்துக்கொண்ட பகுதிக்கு வருவோம். அமெரிக்க மாநிலங்கள் 'கவுண்டி' எனப்படும் சிறு நிருவாகப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒகையோ மாநிலத்திலுள்ள ஹோம்ஸ் கவுண்டி அத்தகையதொன்று. அதன் பரப்பு ஏறத்தாழ 420 சதுர மைல். 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி குடிமக்கள் 44,223 பேர். தலைநகராகிய மில்லர்ஸ்பேர்க்கும் ஒரு சிற்றூரே. சிறு குன்றுகளும், பால் தரும் மாடுகள் மேயும் புல்வெளிகளும், பாற்கட்டி செய்யும் ஆலைகளும், மரத்தளபாடம் செய்யும் பட்டறைகளும் அப்பகுதியின் காட்சிகள். பெருவீதியில் மோட்டார் வண்டிகளோடு குதிரை வண்டிகளும் செல்வதை அங்கே காணலாம்.

அமெரிக்கா முழுவதிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி ஒன்றைப் பேசுகின்றனர். ஒகையோ மாநிலத்தில் அவ்விகிதம் இதனிலும் மிகக் குறைவு. ஆனால், ஹோம்ஸ் கவுண்டியிலோ ஐந்தில் இருவருக்கு மேற்பட்டோர் அத்தகையோர். இதைக் கேட்டதும், அண்மையில் வந்து குடியேறிய அந்நியர் அங்கே மலிந்துள்ளனர் போலும் என்று எவரும் எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறானது. அம்மொழியைப் பேசுவோர் அக்கவுண்டியின் மிகப் பழைய குடிகளுள் ஒரு சாரார். அவர்களுடைய முன்னோர் 1809ஆம் ஆண்டளவிலிருந்து அங்கே காடு வெட்டிக் கழனி திருத்தியவர்கள்.

ஆமிஷ் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரே அவர்கள். எளிய உடை, குதிரை வண்டி, பொது மின் இணைப்பு இல்லாத வீடு என்பன அவர்தம் வாழ்வின் வெளி அடையாளங்கள். அவர்கள் வீட்டில் வழங்கும் மொழிக்கு 'பென்சில்வேனிய டச்சு' என்று பெயர். டச்சு என்றதும் நம் நாட்டின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. அவர்களுக்கும் இம்மொழிக்கும் தொடர்பில்லை. முற்கால ஆங்கிலத்தில் ஜேர்மன் மொழி பேசுவோரையும் அச்சொல் குறித்தது. அவ்வழக்கின் எச்சமே இப்பெயர். ரைன் நதியை அடுத்த பலற்றினேற் பிரதேசத்திலிருந்தும் அதன் அயலிலிருந்தும் 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்கு வந்து குடியேறியோரின் பேச்சு வழக்குகள் ஒன்றோடொன்று கலந்து, ஆங்கிலச் சொற்கள் சிலவற்றையும் ஏற்று, அமெரிக்க மண்ணிலேயே உருவான ஜேர்மானிய மொழி அது.

அம்மக்களின் வாழ்வில் மூன்று மொழிகள் இயங்குகின்றன. மூன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. அடுக்களையிலும் வயலிலும் பட்டறையிலும், தாயும் பிள்ளையும், கணவனும் மனைவியும் பேசுவது பென்சில்வேனிய டச்சு. வழிபாட்டிலே படிக்கப்படும் வேதாகமமும் பாடப்படும் பழைய கீர்த்தனங்களும் இலக்கிய ஜேர்மன் மொழியில் அமைந்தவை. எழுத்து, கணக்கு, வாணிகம், அயலாரோடு உறவாடல் ஆகியவற்றுக்கு ஆங்கிலம். ஆமிஷ் மக்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதும்போதும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதுவர். அயற் கவுண்டியில் உள்ள சுகர்கிறீக் என்னும் ஊரிலிருந்து 1890 முதல் வெளிவரும் 'பட்ஜெற்' என்னும் வாரப் பத்திரிகை, பல மாநிலங்களிலுள்ள ஆமிஷ் ஊர்களிலிருந்து வரும் கடிதங்களைத் தாங்கி வருவது. மழை பெய்தது, இன்னார் வீட்டில் பிள்ளை பிறந்தது, இன்னார் களஞ்சியம் கட்டினார் என்று அக்கடிதங்கள் கூறும். அவையும் ஆங்கிலத்திலேயே வெளியாகின்றன. பேசுவது ஒரு மொழி, எழுதுவது வேறொரு மொழி என்பது இதனால் விளங்கும்.

தம் கூட்டத்தைச் சேராத அயலார் அனைவரையும் ஆமிஷ் மக்கள் 'ஆங்கிலேயர்' என்றே வழங்குகின்றனர். அவ்வயலாரின் முன்னோர் ஐரிஷ்காரராயினும் இத்தாலியராயினும், ஏன், ஜேர்மானியரேயாயினும் அப்பெயர் மாறுவதில்லை. மொழியின் பெயரே அகத்தையும் புறத்தையும் பிரிக்கும் எல்லைக் கல்லாக நிற்கின்றது.

இத்தகைய வீட்டில் பிறந்த பிள்ளையின் ஆங்கிலத் தேர்ச்சியைக் கணக்கெடுப்போர் எவ்வாறு காண்பர்? ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது தாய் தந்தையரோடும் பாட்டன் பாட்டியரோடும் பேசியது டச்சு மொழியையே. தமையன் தமக்கையர் பாடசாலையிலிருந்து கொண்டுவந்த ஆங்கிலச் சொற்கள் சில அதன் காதில் விழுந்திருக்கலாம். படிவத்தை நிரப்பும் தந்தை, 'அவ்வளவு நன்றாக அன்று' என்றோ 'முற்றாக இல்லை' என்றோ குறியிடுவார். அவர் கூறுவது உண்மையே. ஆறு வயதளவில் அப்பிள்ளை பாடசாலைக்குச் செல்கின்றது. அங்கே கற்பிக்கும் மொழி ஆங்கிலம். ஆமிஷ் மக்கள் தாமே நடத்தும் ஓரறை, ஈரறைப் பாடசாலைகளிலும் அவ்வாறே. பல பாடசாலைகளில், விளையாடும் வேளையிலும் ஆங்கிலமே பேசவேண்டும் என்பது விதி. எட்டு ஆண்டுகள் கழித்து, அதே பிள்ளை ஆங்கிலத்தில் வாசிக்கவும், எழுதவும், சந்தையில் விலை பேசவும் வல்லதாகி வெளிவருகின்றது. வீட்டு மொழியோ முன்பு போலவே நிலைத்திருக்கின்றது.

ஆகவே, அக்கவுண்டியில் ஆங்கிலத் தேர்ச்சி குறைந்தோர் இத்தனை பேர் என்ற எண்ணைக் காணும்போது, அவர்களின் வயது யாது என்று உடனே கேட்டல் வேண்டும். அண்மையில் வந்து குடியேறியோர் வாழும் ஊரில், முதியோரிடத்தே ஆங்கிலம் குறைவாகவும் பிள்ளைகளிடத்தே மிகுதியாகவும் இருத்தல் பொதுவான இயல்பு. ஆமிஷ் குடும்பத்திலோ பாடசாலை வாயிலை இன்னும் மிதியாத பிள்ளையே ஆங்கிலம் அறியாதது. அதன் பாட்டன் அறிவார். இரண்டிடத்தும் நூற்றுக்கு இத்தனை என்ற எண் ஒன்றாகவே அமையலாம். ஆயின், முன்னையதில் முதியோருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை. பின்னையதில் முதலாம் வகுப்புக்குப் பொறுமையுள்ள ஆசிரியர் தேவை. எண்ணை மட்டும் பார்ப்பவர் இவ்வேறுபாட்டை அறியார்.

அவ்வெண்ணில் வேறு குறைகளும் உள. 'மிக நன்றாக' என்பதும் 'நன்றாக' என்பதும் எவரும் பரீட்சை வைத்து அளந்தவை அல்ல. வீட்டார் தாமே கூறுவன. தற்பெருமையைப் பாவம் எனக் கருதும் சமூகத்தில் ஒருவர், தம் ஆங்கிலத்தை 'மிக நன்று' என்று எழுதக் கூசி, 'நன்று' என்பதோடு அமைந்தால், அவர் உடனே தேர்ச்சி குறைந்தோர் வரிசையில் வைக்கப்படுவார். மொழியின் பெயரை எழுதுமிடத்தும் குழப்பம் உண்டு. தம் வீட்டு மொழியை ஒருவர் 'பென்சில்வேனிய டச்சு' என்று எழுதுவார். இன்னொருவர் 'ஜேர்மன்' என்பார். வேறொருவர் 'டச்சு' என்று மட்டும் எழுதி ஒல்லாந்து மொழியினரோடு சேர்க்கப்படுவார். ஒரே வீதியில் ஒரே மொழி பேசுவோர் அட்டவணையில் மூன்று இனமாகப் பிரிந்து நிற்பர். மேலும், வீட்டில் எம்மொழி மிகுதியாகப் பேசப்படுகின்றது என்பதையோ, ஆங்கிலத்தை வாசிக்கவும் எழுதவும் தெரியுமா என்பதையோ இக்கேள்விகள் கேட்பதில்லை. முன்னர்க் கூறிய வாக்குரிமைச் சட்டமும் ஸ்பானிய வழியினர், ஆசிய வழியினர், அமெரிக்க ஆதிக்குடிகள், அலாஸ்காவின் ஆதிக்குடிகள் ஆகியோரின் மொழிகளையே கருத்திற் கொண்டது. ஆதலின் பென்சில்வேனிய டச்சு பேசுவோர் எத்துணைப் பேராயினும், அச்சட்டத்தால் அவர்தம் மொழியில் வாக்குச் சீட்டு வருவதற்கு இடமில்லை.

அம்மொழி அரசின் துணையால் வாழவில்லை என்பது இதிலிருந்து தெளிவாகின்றது. துணை இல்லாமை மாத்திரமன்று, எதிர்ப்பும் இருந்தது. முதலாம் உலக யுத்தம் மூட்டிய வெறுப்பின் விளைவாக, எட்டாம் வகுப்புக்கு உட்பட்ட மாணவருக்கு எப்பாடசாலையிலும் ஜேர்மன் மொழி கற்பிக்கலாகாது என்று 1919இல் ஒகையோ மாநிலம் சட்டம் செய்தது. வேறு சில மாநிலங்களும் இவ்வாறு செய்தன. நெப்ராஸ்கா மாநிலத்தில், பத்து வயது மாணவன் ஒருவனுக்கு ஜேர்மன் மொழியில் வாசிக்கக் கற்பித்ததற்காக ஆசிரியர் ஒருவருக்கு 25 டொலர் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. 1923இல் அதியுயர் நீதிமன்றம் அச்சட்டம் செல்லாதென அறிவித்து, ஒகையோவின் சட்டத்தையும் அதே நாளில் தள்ளுபடி செய்தது. வெகு அண்மையில், 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஆங்கிலமே ஐக்கிய நாட்டின் அரச மொழி என்று சனாதிபதியின் கட்டளை ஒன்று வெளியாயிற்று. இக்கட்டளைகளும் தீர்ப்புகளும் பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் உரியன. தாய் தன் மகவைத் தொட்டிலில் இட்டு எம்மொழியில் தாலாட்டுகின்றாள் என்பது அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அவ்வாறாயின், வீட்டிலே பேசிவந்த எல்லாரும் அம்மொழியைக் காத்துக்கொண்டனரா? இல்லை. இதுவே நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்க பகுதி. 19ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனிய டச்சு பேசினோருள் பெரும்பான்மையோர் ஆமிஷ் மக்கள் அல்லர். லூதரன் சபையையும் சீர்திருத்த சபையையும் சார்ந்தோர். அவர்கள் ஏனைய அமெரிக்கரைப் போல வாழ்ந்தனர். அம்மொழியில் கவிதை பாடினர். பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதினர். ஹென்றி ஹார்போ என்னும் போதகரின் கவிதைத் தொகுதி 1870இலேயே நூலாக வெளிவந்தது. எனினும், 20ஆம் நூற்றாண்டில் வீதிகள் விரிந்து, நகரத் தொழில் பெருகி, கலப்பு மணங்கள் மிகுந்தபோது, பிள்ளையின் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று பெற்றோர் அஞ்சினர். தமக்குள் டச்சு பேசிய கணவனும் மனைவியும் பிள்ளையின் பக்கம் திரும்பியதும் ஆங்கிலம் பேசினர். இரண்டு தலைமுறையில் அம்மொழி அவர்தம் வீடுகளிலிருந்து மறைந்தது. இன்று அதைப் பேரப்பிள்ளைகள் மாலை வகுப்பிலே கற்க முயல்கின்றனர்.

ஆமிஷ் மக்களிடத்தோ நெடுங்காலம் அம்மொழியில் அச்சு நூல் மிக அரிது. புதிய ஏற்பாடு 1994இலும், முழு வேதாகமம் 2013இலுமே அம்மொழியில் வெளிவந்தன. அவ்வாறிருந்தும் அம்மொழி வளர்கின்றது. இருபது ஆண்டுக்கு ஒருமுறை ஆமிஷ் மக்களின் தொகை ஏறத்தாழ இரட்டிக்கின்றது. இன்று அவர்கள் சுமார் 4 இலட்சம் பேர். இலக்கியம் இருந்த இடத்தில் மொழி மறைந்தது. இலக்கியம் அரிதாயிருந்த இடத்தில் வாழ்ந்தது. இதனால் இலக்கியம் வேண்டா என்பது கருத்தன்று. குழந்தையோடு பேசாத மொழியை நூல்கள் மட்டும் நின்று காத்துவிடா என்பதே கருத்து.

எனினும், ஹோம்ஸ் கவுண்டியை முற்றும் பின்பற்றத்தக்க முன்மாதிரியாகக் காட்டுதல் நேர்மையாகாது. அம்மொழியின் உறுதிக்கு அம்மக்கள் ஒரு விலை கொடுக்கின்றனர். அயலாரோடு மணவினை இல்லை. பிள்ளைகளின் பாடசாலைக் கல்வியும் எட்டாம் வகுப்போடு நிற்கின்றது. விஸ்கொன்சின் மாநிலத்தில் எழுந்த வழக்கில், ஆமிஷ் பெற்றோரை அதற்கு மேலும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புமாறு கட்டாயப்படுத்தலாகாது என 1972இல் அதியுயர் நீதிமன்றம் தீர்த்தது. அவ்வழக்கில் நீதியரசர் வில்லியம் டக்ளஸ் மாத்திரம், பெற்றோரின் விருப்பத்தோடு பிள்ளைகளின் விருப்பமும் கேட்கப்படல் வேண்டும் என்று ஒரு பகுதியில் மாறுபட்டார். வாணாளைப் பாடசாலையிலே கழித்த என் போன்றோர்க்கு அவருடைய கேள்வி எளிதில் மறக்கக் கூடியதன்று. மருத்துவராகவோ பொறியியலாளராகவோ வர விழையும் பிள்ளைக்கு அவ்வாழ்வில் வழி குறுகியதே.

ஆயின் ஒன்றை நுணுகி நோக்குதல் வேண்டும். அப்பிள்ளையின் வழியை அடைப்பது எட்டாம் வகுப்போடு நிறுத்துவது. வீட்டில் டச்சு பேசுவதன்று. ஆறு வயது வரை ஆங்கிலம் அறியாத பிள்ளை, ஓரறைப் பாடசாலையிலே, தாமும் எட்டாம் வகுப்பு வரையே கற்ற இளம் ஆசிரியைகளிடம் பயின்று, ஆங்கிலத்தில் எழுதவும் வாசிக்கவும் வல்லதாகின்றது. அங்ஙனமாயின், பயிற்சி பெற்ற ஆசிரியரும் நூல்நிலையமும் உள்ள இடத்தில், தாய்மொழி பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு ஆங்கிலம் வாராது என்று அஞ்சுவதற்கு நியாயம் யாது?

பெற்றோர் இவ்விடத்தில் இரு கேள்விகளை ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கின்றனர். வீட்டில் எம்மொழி என்பது ஒன்று. ஆங்கிலம் எவ்வளவு என்பது மற்றொன்று. அமெரிக்கக் கணக்கெடுப்பில் பல குறைகள் உளவாயினும், இவ்விரண்டையும் தனித்தனிக் கேள்வியாக வைத்தது அதன் சிறப்பு. முன்னையதற்கு விடை கூறவேண்டியவர் தாய் தந்தையர். பின்னையதற்குப் பெரும்பாலும் பாடசாலை. ஆங்கிலத்தைச் செவ்வனே கற்பிக்காத பாடசாலையின் குறையை வீட்டில் தமிழைக் கைவிடுவதால் ஈடுசெய்ய முடியாது. தாமே தடுமாறும் ஆங்கிலத்தைப் பெற்றோர் வீட்டில் பேசினால், பிள்ளை கற்பது அத்தடுமாற்றத்தையே. அதனோடு பாட்டியின் கதையும், பழமொழியும், உறவுப் பெயர்களின் நுட்பமும் அப்பிள்ளையை விட்டு அகலும். சித்தப்பா, பெரியப்பா, மாமா என்ற மூவரையும் ஒரே சொல்லால் அழைக்கும் பிள்ளை, உறவின் வேறுபாட்டையும் மறக்கத் தொடங்கும்.

நம் பிள்ளைகளும் வீட்டில் ஒருவிதத் தமிழ் பேசி, பாடசாலையில் வேறுவிதத் தமிழை எழுதப் பழகுகின்றனர். பேச்சுத் தமிழ் எழுத்துத் தமிழைத் தடுத்துவிடும் என்று நாம் அஞ்சி, ஊமையாய் இருந்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய இடத்தைப் பிள்ளை தானே கண்டுகொள்கின்றது. ஆங்கிலத்துக்கும் அவ்வாறே ஓர் இடம் வகுத்துக் கொடுக்கலாம். பாடசாலையில் நாள்தோறும் ஆங்கிலத்தில் ஒரு பக்கமேனும் வாசிப்பித்து, ஒரு கடிதமேனும் எழுதுவித்து, தயங்காது பேசுவிப்போம். மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் அன்று கற்றது யாது என்று தாய் தமிழில் கேட்கட்டும். பிள்ளையும் தமிழில் விடை சொல்லட்டும்.